செஞ்சட்டையிலிருந்து ஆளுநர் இருக்கைக்கு: ரசல் மிராஸ்டியும் ஆறாம் உடன்படிக்கையும்

1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், இன்றைய கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் உள்ள கார்ல்டன் கோட்டை அருகே கிரீ இனத் தலைவர்களும் பிரித்தானிய முடியரசின் பிரதிநிதிகளும் கூடினர். முடியரசின் சார்பில் தலைமை ஏற்று வந்தவர் அலெக்சாண்டர் மாரிஸ். மானிட்டோபா மாகாணத்துக்கும் வடமேற்குப் பிரதேசங்களுக்கும் அவர் அப்போது துணைநிலை ஆளுநர். செந்நிற மேற்சட்டை அணிந்த வடமேற்குக் குதிரைக் காவற்படையினர் அவருக்குத் துணையாக அணிவகுத்து வந்தனர். எதிர்ப்புறத்தில் மிஸ்டவாசிஸ், அத்தாகக்கூப் முதலிய தலைவர்கள் தம் மக்களோடு அமர்ந்திருந்தனர். புகைக்குழாய்ச் சடங்கு நடந்தது. பல நாள் பேச்சுக்குப் பின் கையெழுத்தான ஆவணமே ஆறாம் உடன்படிக்கை.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சஸ்காட்சுவான் மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக ரசல் மிராஸ்டி பொறுப்பேற்றார். அவர் கிரீ இனத்தவர். ஆறாம் உடன்படிக்கையின் கீழ் வரும் லாக் லா ரோஞ் சமூகத்தைச் சேர்ந்தவர். 36 ஆண்டுகள் அதே செஞ்சட்டைக் காவற்படையில் பணியாற்றி உயர் அதிகாரியாக ஓய்வுபெற்றவர். 1876-இல் முடியரசின் பக்கம் இரண்டு அடையாளங்கள் இருந்தன: ஆளுநர் பதவி ஒன்று, காவற்படைச் சீருடை மற்றொன்று. எதிர்ப்பக்கத்து மக்களின் வழித்தோன்றல் ஒருவர் 143 ஆண்டுகளுக்குப் பின் அவ்விரண்டையும் தம் ஒரே வாழ்நாளில் தாங்கினார்.

இதனை ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். கனடிய அரசின் அதிகாரபூர்வ வாழ்த்துரைகள் பெரும்பாலும் அவ்வாறே சொல்லின. சீருடையும் பதவியும் அந்த மக்களுக்கு வரலாற்றில் எவையாக இருந்தன என்பதை உடன்வைத்துப் பார்த்தால்தான், அவ்வெற்றி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பது தெளிவாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இந்தியாவில் துணைநிலை ஆளுநர் என்னும் பதவி ஒன்றியப் பிரதேசங்களுக்கு உரியது. கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு துணைநிலை ஆளுநர் உண்டு. மன்னரின் மாகாணப் பிரதிநிதியான அவரை, பிரதமரின் ஆலோசனையின்பேரில் தலைமை ஆளுநர் நியமிக்கிறார். நம் மாநில ஆளுநருக்கு இணையான பதவி அது. ஒப்புமை தற்செயலானதும் அன்று. சட்ட முன்வரைவுக்கு ஒப்புதல் அளித்தல், நிறுத்திவைத்தல், மேலிடத்தின் முடிவுக்காக ஒதுக்கிவைத்தல் என்னும் மும்முறை ஏற்பாடு 1867-ஆம் ஆண்டுக் கனடிய அரசமைப்பிலும் உண்டு. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்திலும் உண்டு. நம் அரசமைப்பின் 200, 201-ஆம் உறுப்புகளிலும் உண்டு. ஒரே பேரரசின் சட்ட மரபில் கிளைத்தவை இவை.

செஞ்சட்டையின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம். வடமேற்குக் குதிரைக் காவற்படை 1873-இல் நிறுவப்பட்டது. 1874-இல் மேற்கு நோக்கி அணிவகுத்தது. எல்லை தாண்டி வந்த அமெரிக்கச் சாராய வணிகர்களால் சமவெளி மக்கள் சீரழிந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வணிகத்தை ஒடுக்கியதால் காவற்படைக்குத் தொடக்கத்தில் பூர்வகுடித் தலைவர்கள் சிலரிடம் நன்மதிப்பு இருந்தது. வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அப்படைக்கு உதவிய ஜெரி பாட்ஸ் பூர்வகுடித் தாய்க்கும் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். பூர்வகுடியினரின் உழைப்பும் அறிவும் முதல் ஆண்டிலிருந்தே அப்படையைத் தாங்கின என்பதும், அதிகாரப் படிநிலையில் அவர்களுக்கு இடமில்லை என்பதும் சேர்த்தே நினைவுகொள்ளத் தக்கவை.

ஆறாம் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தலைவர்கள் ஏமாளிகள் அல்லர். காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்துவருவதை அவர்கள் கண்டனர். பெரியம்மையின் கோரத்தையும் கண்டிருந்தனர். அதனால்தான் பஞ்ச காலத்தில் உதவி, முகவரின் இல்லத்தில் மருந்துப் பெட்டி, வேளாண் கருவிகள், பள்ளி ஆகியவற்றைப் பேசிப் பெற்றனர். பஞ்ச உதவியும் மருந்துப் பெட்டியும் இதற்கு முந்தைய ஐந்து எண்ணிட்ட உடன்படிக்கைகளின் வாசகத்தில் இல்லாதவை. ஒருவருக்கு ஆண்டுதோறும் 5 டாலர் என்பதும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ஒதுக்குநிலம் என்பதும் அதில் உண்டு. எதிர்ப்பும் எழுந்தது. நிலத்தை உலர்ந்த இறைச்சித் துண்டைப்போல அறுத்து, அதில் ஒரு பகுதியைத் தங்களுக்கே திருப்பித் தருவது என்ன முறை என்று பவுண்ட்மேக்கர் கேட்டார். கிரீ மரபில் இந்த உடன்படிக்கை ஓர் உறவு ஏற்பாடு. அரசி தாய் போன்றவர். இரு மக்களும் உடன்பிறந்தோர். ‘வாஹ்கோஹ்தோவின்’ என்னும் கிரீச் சொல் உறவையும் உறவு சுமத்தும் கடமையையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கில ஆவணமோ ஏறத்தாழ 1,21,000 சதுர மைல் நிலத்தின் மீதான உரிமைகள் அனைத்தும் கைவிடப்பட்டன என்று எழுதிக்கொண்டது. ஒரே சடங்கை இரு தரப்பும் இரு வேறு பொருளில் நிறைவேற்றிய கதை இது.

அதே 1876-இல் பூர்வகுடியினரை அரசின் காப்பில் உள்ள சிறார்போல் நடத்தும் ‘இந்தியர் சட்டம்’ நிறைவேறியது. சில ஆண்டுகளில் காட்டெருமை அற்றுப்போய்ப் பட்டினி வந்தது. எட்கர் டியூட்னி 1879 முதல் இந்தியர் விவகார ஆணையர்; 1881 முதல் வடமேற்குப் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநரும் அவரே. உணவுப் பங்கீட்டைக் கட்டுப்படுத்தும் கையும் முடியரசைப் பிரதிநிதித்துவம் செய்யும் கையும் ஒன்றாயின. கையெழுத்திட மறுத்துவந்த பிக் பேர் என்னும் தலைவரை 1882-இல் பட்டினியே உடன்படிக்கைக்குள் தள்ளியது. ஆளுநர் பதவி அக்காலத்தில் வெறும் சடங்குப் பதவி அன்று. உயிர்வாழ்வைத் தீர்மானித்த பதவி.

1885-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் சீருடையின் முகமும் மாறியது. மேட்டி மக்களின் தலைவர் லூயி ரியெல் அவ்வாண்டு நவம்பரில் ரெஜைனா நகரின் காவற்படை வளாகத்தில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் பேட்டில்ஃபோர்டில் எட்டுப் பூர்வகுடி ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். ஒதுக்குநிலத்தை விட்டு வெளியே செல்ல முகவரின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதற்குச் சட்ட அடிப்படை ஏதும் இல்லை என்பதை அதிகாரிகளே அறிந்திருந்தனர்; ஆயினும் சீட்டில்லாதவரைத் திருப்பி அனுப்பும் வேலை காவற்படையிடம் தரப்பட்டது. 1920-இல் உறைவிடப் பள்ளி வருகை கட்டாயமாக்கப்பட்டபின், குழந்தைகளைக் கொண்டுசேர்ப்பதும், தப்பியோடியவர்களைத் தேடிப் பிடிப்பதும், அனுப்ப மறுத்த பெற்றோரை எச்சரிப்பதும் அப்படையின் பணிகளாயின. ஒரு கிரீத் தாயின் பார்வையில் வாசலில் நிற்கும் செஞ்சட்டை என்பது பிள்ளையைப் பிரியும் வேளை.

லா ரோஞ் மக்கள் உடன்படிக்கைக்குள் வந்தது 1889-ஆம் ஆண்டு பிப்ரவரியில். அவர்களது காட்டு நிலம் 1876-ஆம் ஆண்டு வரையறுத்த எல்லைக்கு வடக்கே இருந்தது. மரவெட்டுத் தொழில் அங்கே நுழையத் தொடங்கியபோது அரசுக்கு அந்நிலத்தின் மீதான உரிமை தேவைப்பட்டது. மான்ட்ரியல் ஏரியின் வடகரையில் லா ரோஞ் தலைவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் மான்ட்ரியல் ஏரித் தலைவர் வில்லியம் சார்லஸும் ஆறாம் உடன்படிக்கையில் இணைந்தனர். முடியரசின் சார்பில் அங்கு வந்த ஆணையர் இருவரில் ஒருவர் ஏ. ஜி. அர்வின், வடமேற்குக் குதிரைக் காவற்படையின் முன்னாள் ஆணையர். மிராஸ்டியின் சமூகத்தினர் தம் நிலத்தைப் பற்றிய வாக்குறுதியைப் பெற்றதே ஒரு முன்னாள் காவல் அதிகாரியிடமிருந்துதான்.

இந்தப் பின்னணியில் மிராஸ்டியின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் அவரும் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். கனடா முழுவதும் அப்பள்ளிகளில் பயின்றோர் சுமார் 1,50,000 குழந்தைகள் என உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மதிப்பிட்டது. தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டனை பெற்ற தலைமுறைகள் அவை. மிராஸ்டி கிரீ மொழியை இழக்கவில்லை. சரளமாகப் பேசுபவராகவே வளர்ந்தார்.

அவர் காவற்படையில் சேர்ந்த ஆண்டு 1976. கார்ல்டன் கோட்டை உடன்படிக்கைக்குச் சரியாக நூறாண்டு. ஏற்கெனவே அப்படையில் இருந்த அண்ணனின் வழியில் அவர் சென்றார். அந்தப் பத்தாண்டில்தான் கனடிய அரசு பூர்வகுடிச் சமூகங்களில் காவல் பணிக்கென அச்சமூகங்களிலிருந்தே ஆள் எடுக்கும் சிறப்புக் காவலர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மொழி அறிந்தவர், ஊர் அறிந்தவர் வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் சிறப்புக் காவலர்கள் ஊதியத்திலும் தகுதியிலும் முழுக் காவலருக்குக் கீழேயே வைக்கப்பட்டனர். பெயரில் உள்ள சிறப்பு படிநிலையில் தாழ்வாக இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டு, பூர்வகுடிச் சமூகங்கள் தமக்கெனக் காவல் அமைப்பை ஏற்படுத்திக்கொள்ள வழி செய்யும் புதிய கொள்கை வந்தது. பூர்வகுடியினர் காவற்படைக்குள் நுழைவதும் உயர்வதும் மாறிக்கொண்டிருந்த இந்த நாற்பதாண்டுக் காலமே மிராஸ்டியின் பணிக்காலம்.

கீழ்நிலைக் காவல் பணியிலிருந்து அவர் படிப்படியாக உயர்ந்தார். பல மாகாணங்களிலும் தலைநகர் ஒட்டாவாவிலும் பணியாற்றினார். இறுதியில் உதவி ஆணையர் தகுதியில் சஸ்காட்சுவான் கோட்டத்தின் தலைமை அதிகாரியானார். அப்பொறுப்புக்கு வந்த முதல் பூர்வகுடியினர் அவர். அக்கோட்டத்தின் கனத்தை உணர ஒரு செய்தி போதும். சஸ்காட்சுவானில் மாகாணக் காவல் பணியை 1928 முதல் ஒப்பந்த அடிப்படையில் செய்துவருவது இக்கூட்டாட்சிப் படையே. சிற்றூர்கள், ஒதுக்குநிலங்கள், வடக்கின் காட்டூர்கள் எங்கும் காவலர் என்றால் அவர்கள்தாம். மிராஸ்டி தலைமை ஏற்ற தலைமையகம் ரெஜைனாவில் உள்ளது; ரியெல் தூக்கிலிடப்பட்ட வளாகம் இன்று படையின் பயிற்சித்தலமாக இருப்பதும் அதே நகரில்தான்.

அவர் பணியில் இருந்தபோதே, 2004-இல், படையின் ஆணையர் ஜூலியானோ சக்கார்தெல்லி உறைவிடப் பள்ளி முறையில் படையின் பங்குக்காக மன்னிப்புக் கோரினார். 2008-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்நாள்களில் மிராஸ்டி அணிந்திருந்தது மன்னிப்புக் கோரும் தரப்பின் சீருடை; அவருடைய பிள்ளைப் பருவமோ மன்னிப்புப் பெறும் தரப்பைச் சேர்ந்தது. 2014-இல் அப்போதைய ஆணையர் பாப் பால்சன் மீண்டும் மன்னிப்புக் கேட்டபோது மிராஸ்டி ஓய்வுபெற்றிருந்தார்.

இப்படிப்பட்ட வாழ்க்கையை இரு எளிய சட்டகங்களில் அடைப்பது ஆய்வுலகில் வழக்கம். ஆட்சியாளரின் கருவியாகிவிட்டவர் என்பது ஒன்று. தடைகளைத் தகர்த்த முன்னோடி என்பது மற்றொன்று. முதற்சட்டகம் ஒரு நடைமுறை உண்மையைக் காணத் தவறுகிறது: வடக்கின் ஒரு கிரீ ஊரில் நள்ளிரவில் கதவைத் தட்டும் காவலர் அந்த வீட்டின் மொழியில் பேசுவாரா என்பது அவ்வீட்டாருக்குக் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. இரண்டாம் சட்டகம் வேறோர் உண்மையை மறைக்கிறது: ஒருவர் உயர்வதால் நிறுவனம் மாறிவிடுவதில்லை. 2016 ஆகஸ்டில் சஸ்காட்சுவானின் பண்ணை ஒன்றில் கோல்டன் பூஷி என்னும் 22 வயதுக் கிரீ இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரணச் செய்தியை அறிவிக்க வந்த விதத்தில் அவருடைய தாயைக் காவலர்கள் இனப்பாகுபாட்டுடன் நடத்தினர் என்று, படை மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம் 2021-இல் கண்டறிந்தது. கிரீ இனத்தவர் ஒருவர் தலைமை தாங்கி விடைபெற்ற சில ஆண்டுகளுக்குள் அதே கோட்டத்தில் நடந்தது இது.

2018 முதல் துணைநிலை ஆளுநராக இருந்த தாமஸ் மொலாய் 2019 ஜூலை 2 அன்று காலமானார். வழக்கறிஞரான அவர் நுனாவுட், நிஸ்கா ஒப்பந்தங்களில் கூட்டாட்சி அரசின் தலைமைப் பேச்சாளராக இருந்தவர். தற்காலக் கனடாவின் நில உடன்படிக்கைகளை மேசையின் அரசுப் பக்கத்திலிருந்து உருவாக்கியவர். இரு வாரங்களில் அவருடைய இடத்துக்கு மிராஸ்டி நியமிக்கப்பட்டார். சஸ்காட்சுவானின் அப்பதவியில் அமர்ந்த முதல் பூர்வகுடியினர் அவரே. ஆளுநர் அலுவலகம் இயங்கும் ரெஜைனா ஆளுநர் மாளிகை, வடமேற்குப் பிரதேசங்களின் துணைநிலை ஆளுநர்களுக்காகக் கட்டப்பட்டு 1891-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாரிஸும் டியூட்னியும் வகித்த பதவியின் வாரிசு வீடு அது.

அந்த வீட்டில் அமர்ந்தவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? சட்டப்புத்தகத்தில் நிறைய உண்டு. நடைமுறையில் ஏறத்தாழ ஏதுமில்லை. இதற்கும் சஸ்காட்சுவானே சான்று. 1961-இல் அம்மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஃபிராங்க் பாஸ்டீடோ கனிம ஒப்பந்தங்கள் தொடர்பான சட்ட முன்வரைவு ஒன்றை மேலிட முடிவுக்காக ஒதுக்கிவைத்தார். ஒட்டாவாவே திகைத்தது. பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு சில வாரங்களில் அதற்கு ஒப்புதல் வழங்கிச் சிக்கலை முடித்தது. அதன்பின் கனடாவில் எந்தத் துணைநிலை ஆளுநரும் ஒரு முன்வரைவை ஒதுக்கிவைத்ததில்லை. தேர்தலில் நிற்காத ஒருவர் மக்கள் பேரவையின் முடிவைத் தடுக்கலாகாது என்பது மக்களாட்சியின் நியாயம். இதே நியாயத்தை முன்வைத்தே நம் மாநிலங்களும் ஆளுநர்களோடு வழக்காடி வருகின்றன.

ஆனால் இந்த நியாயம் பூர்வகுடியைச் சேர்ந்த ஓர் ஆளுநரை வேறொரு நெருக்கடியில் நிறுத்துகிறது. அதை முதலில் உணர்ந்தவர் ரால்ஃப் ஸ்டைன்ஹவர். ஆல்பர்ட்டாவின் சேடில் லேக் கிரீ சமூகத்தைச் சேர்ந்த அவர், 1974 முதல் 1979 வரை அம்மாகாணத்தின் துணைநிலை ஆளுநர். கனடாவிலேயே அத்தகைய பதவிக்கு வந்த முதல் பூர்வகுடியினர். அவருடைய சமூகமும் ஆறாம் உடன்படிக்கையைச் சேர்ந்ததே. கிரீத் தலைவருக்குரிய மரபுடையில் அவர் அரசு நிகழ்வுகளில் தோன்றியது பெரிதாகப் பேசப்பட்டது. 1977-இல் பூர்வகுடியினரின் நிலக் கோரிக்கைகளைப் பாதிக்கும் நிலவுரிமைச் சட்டத் திருத்தம் ஒப்புதலுக்கு வந்தபோது, மறுத்துவிடலாமா என்று அவர் வெளிப்படையாகவே தயங்கினார். இறுதியில் ஒப்புதல் வழங்கப்பட்டது. மரபுடை அணியப் பதவி இடம் கொடுத்தது. மரபுநிலத்தைக் காக்க இடம் கொடுக்கவில்லை.

மிராஸ்டியின் பதவிக்காலமும் இத்தகைய தருணங்களால் நிரம்பியது. 2020 கோடையில் மேட்டி இளைஞர் ஒருவர் லா ரோஞ்சை அடுத்த ஏர் ரோஞ் என்னும் ஊரிலிருந்து ரெஜைனா வரை சுமார் 635 கிலோமீட்டர் நடந்துவந்தார். வடக்கில் இளையோர் தற்கொலை மிகுந்திருந்த நிலையில், தடுப்புத் திட்டம் கோரி எதிர்க்கட்சி கொண்டுவந்த முன்வரைவைப் பேரவையின் பெரும்பான்மை தோற்கடித்திருந்தது. எதிர்த்து வாக்களித்த உறுப்பினர் 44 பேர். அவர் பேரவை வளாகத்தில் கூடாரம் அமைத்து நோன்பிருந்தது 44 நாள். வெளியேற்றக் கோரி அரசு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. மறு ஆண்டு மீண்டும் கொண்டுவரப்பட்ட முன்வரைவு பேரவையில் நிறைவேறியது. புறப்பட்ட ஊர் ஆளுநரின் சொந்த மண்; வந்துசேர்ந்த இடம் ஆளுநர் அரசுரை நிகழ்த்தும் பேரவை. ஆனால் தடுப்புத் திட்டத்தைச் சட்டமாக்கும் பாதையில் ஆளுநர் பதவிக்கு இருந்த வேலை இறுதிக் கையெழுத்து ஒன்றே. மாற்றம் நடந்தவர் காலடியிலிருந்தும் எதிர்க்கட்சி இருக்கையிலிருந்தும் வந்தது.

2021 ஜூனில் சஸ்காட்சுவானின் கவெசெஸ் சமூகம், மரிவால் உறைவிடப் பள்ளி இருந்த இடத்தில் தரையூடுருவும் ரேடார் கொண்டு ஆய்ந்து, அடையாளமற்ற 751 கல்லறைகள் இருக்கலாம் என அறிவித்தது. அத்தகைய பள்ளியொன்றில் பயின்ற ஒருவரே மாகாணத்தில் அரசியின் பிரதிநிதியாக அந்நாளில் இருந்தார். 2023-இல் இயற்கை வளங்கள் மீது மாகாணத்துக்கே தனியதிகாரம் என்று வலியுறுத்தும் ‘சஸ்காட்சுவான் முதலில்’ சட்டம் நிறைவேறியது. உடன்படிக்கை மக்களைக் கலந்தாலோசிக்கவில்லை, நிலமும் வளமும் பற்றிய உடன்படிக்கை உரிமைகளை அது புறக்கணிக்கிறது என்று கூறிப் பூர்வகுடி நாடுகளின் கூட்டமைப்பு எதிர்த்தது. சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. மரபின்படி அதற்கு மாறாக எதுவும் நடந்திருக்க இயலாது.

இங்கேதான் சடங்குப் பதவி என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது. பொதுப் பார்வையில் சடங்கு என்றால் உள்ளீடற்றது. உடன்படிக்கை மக்களுக்கு அப்படியன்று. 1876-இல் புகைக்குழாய் ஏந்தியபோது அவர்கள் செய்தது சடங்கு. அவர்களைப் பொறுத்தவரை உடன்படிக்கையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக ஆக்கியதே அது. ஆளுநரின் வருகையும் செஞ்சட்டை அணிவகுப்பும் தலைவர்களுக்குத் தந்த பதக்கமும் மேலங்கியும் கொடியும் எதிர்த்தரப்பின் சடங்குகள். எனவே முடியரசு என்பது அவர்களுக்கு அலங்காரம் அன்று; ஒப்பந்தத்தின் மறுதரப்பு. முடியரசின் இருக்கையில் தம்மவர் அமர்வதை அவர்கள் பொருளுடையதாகக் கருதினால், அது ஏமாற்றத்துக்கு ஆளானவர்களின் பேதைமை ஆகாது.

ஆனால் அந்த மறுதரப்பு இன்று எங்கே இருக்கிறது? 1982-இல் ஆல்பர்ட்டா பூர்வகுடியினர் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், உடன்படிக்கைக் கடமைகள் பிரித்தானிய முடியரசிடம் இல்லை, கனடாவின் முடியரசிடமே உள்ளன என்று டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கனடாவிலோ அக்கடமை ஒட்டாவாவின் அமைச்சகங்களிடம் உள்ளது. நிலமும் கனிமமும் 1930 முதல் மாகாணத்திடம் உள்ளன. முடியரசின் பெயரும் மாளிகையும் துணைநிலை ஆளுநரிடம் உள்ளன. 1876-இல் மாரிஸ் என்னும் ஒரே மனிதரிடம் பேரமும் பெயரும் சேர்ந்திருந்தன. டியூட்னியிடம் பட்டினிபோடும் அதிகாரமும் சேர்ந்திருந்தது. உடன்படிக்கை மக்களின் வழித்தோன்றல் அவ்விருக்கைக்கு வந்தபோது பெயர் மட்டும் அங்கே எஞ்சியிருந்தது. பதவியிலிருந்து அதிகாரம் கழன்றது மக்களாட்சிக்காக. எவரையும் விலக்கும் திட்டத்தால் அன்று. ஆயினும் விளைவு ஒன்றே: முடிவெடுக்கும் இடமாக இருந்த காலத்தில் மூடியிருந்த கதவு, முடிவுகள் வேறிடம் சென்றபின் திறந்தது.

இந்திய வாசகர் இதை அயல்நாட்டுக் கதையாக ஒதுக்க இயலாது. 2022-இல் சந்தால் சமூகத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவரானார். பழங்குடியினரிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர். நம் அரசமைப்பு ஒரு விதத்தில் கனடாவினும் வேறுபட்டது. ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் ஒரு சட்டம் பொருந்தாது என அறிவிக்கவும், பழங்குடியினரின் நிலக் கைமாற்றத்தைத் தடுக்கவும் மாநில ஆளுநருக்கு வெளிப்படையான அதிகாரம் தரப்பட்டுள்ளது. மிராஸ்டிக்கும் ஸ்டைன்ஹவருக்கும் கிட்டாத கருவி அது. அக்கருவி அரிதாகவே எடுக்கப்படுகிறது என்பதும் அட்டவணைப் பகுதிகளின் வரலாறு அறிந்தோர் அறிந்ததே. எனவே சடங்குப் பதவியில் யார் அமர்ந்தார் என்ற கேள்வியோடு, அப்பதவியால் என்ன செய்ய இயலும், இயன்றது செய்யப்பட்டதா என்ற கேள்விகளும் எழுப்பப்பட வேண்டும்.

மிராஸ்டி 2025 ஜனவரி வரை பதவி வகித்தார். தம் மொழியைப் பறிக்க முயன்ற பள்ளியையும், தம்மவரைத் திருப்பி அனுப்பிய படையையும், தம் முன்னோரிடம் நிலம் கேட்டு வந்த பதவியையும் கடந்து, மொழியை இழக்காமல் வந்த ஒரு மனிதரின் உறுதி எவ்வகையிலும் சிறியதன்று. அவருடைய பாதை அவருக்கே உரிய சாதனை. உடன்படிக்கையின் கணக்கு வேறு.

அக்கணக்கு இன்றும் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. உடன்படிக்கை நாள் என்று குறித்த நாளில் சமூகங்களில் மேசை போடுவார்கள். கூட்டாட்சி அரசின் அலுவலர் பெயரைப் பார்த்து ஆளுக்கு 5 டாலர் தாளை எண்ணித் தருவார். அருகே செஞ்சட்டை அணிந்த காவலர் ஒருவர் நிற்பார். 1876-இல் குறித்த தொகை ஒரு டாலரும் உயரவில்லை. பலர் அதை வாங்குவது பணத்துக்காக அன்று. வாக்குறுதி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அரசின் கையாலேயே ஆண்டுக்கொருமுறை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக. அம்மேசையின் எப்பக்கத்தில் யார் அமர்ந்தாலும், மருந்துப் பெட்டியும் பஞ்ச உதவியும் நிலமும் பற்றிச் சொன்ன சொல் நிறைவேறியதா என்பதே அங்கு வரிசையில் நிற்பவர்களின் கேள்வி. ஆறாம் உடன்படிக்கையின் வழித்தோன்றல் ஒருவர் ஆளுநர் மாளிகையில் இருந்த ஐந்தரை ஆண்டுகளிலும் அக்கேள்வி அதே வரிசையில்தான் நின்றது.